கியோஜாவில் சொன்ன ‘போய்ட்டு வர்றேன்’

இத்தாலிக்காரர்கள் பார்த்தாலும் ‘சாவ்’ என்கிறார்கள், பிரிந்தாலும் ‘சாவ்’ என்கிறார்கள். நல்ல வார்த்தைதான், அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் திண்டிவனத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்குக் காலங்காத்தாலே வீட்டுக்கார அம்மாவின் முகத்தைப் பார்த்து ‘சாவ்’ என்று சொல்ல வாய் வருமா? எனக்கு வரவில்லை. என் நண்பன் ஏழுமலை ஒருமுறை பழக்கதோஷத்தில் போனை வைக்கும்போது அவன் அம்மாவிடமே சொல்லிவிட்டான். விழுப்புரத்தில் அந்தம்மா அன்றைக்கு ராத்திரி சோறு தின்னவில்லை. “பெத்தவளப் பாத்து இன்னா வார்த்த சொல்றான் பாத்தியா” என்று தெருவில் இருந்த அத்தனை பேரிடமும் முறையிட்டிருக்கிறார். அவன் சமாதானம் செய்ய ஒரு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு நான், அவன், எங்கள் தோழி ரஹீமா மூன்று பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நம் ஊர் ‘போய்ட்டு வர்றேன்’ இருக்கிறதே, அதை அப்படியே தூக்கி இத்தாலி மொழியில் போட்டோம். ‘வாதோ எ தோர்னோ.’ வாதோ என்றால் போகிறேன், தோர்னோ என்றால் திரும்பி வருகிறேன். கடையில், நூலகத்தில், பேராசிரியர் அறையில், எங்கே விடைபெற்றாலும் அதுதான். சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். உச்சரிப்பு சரியாகத்தான் இருந்தது. எது சரியில்லை என்பது கியோஜாவுக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் படிப்பது பதுவாவில். நான் ஸ்டெல்லா மேரி, பிரம்மதேசத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிறவர்கள். ஸ்டெல்லா என்றால் இத்தாலியில் நட்சத்திரம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் “எந்த ஸ்டெல்லா? சர்ச்சுக்குப் பின்னாடி வூட்டு ஸ்டெல்லாவா?” என்பார்கள். இங்கே சொன்னால் முகம் மலர்ந்து “ஸ்தெல்லா!” என்று பாட்டு மாதிரி இழுக்கிறார்கள். ஏழுமலை விழுப்புரத்தை ஒட்டிய ஊர்க்காரன், வீட்டில் கரும்பு போடுகிறார்கள், அவன் படிப்பதும் விவசாயம். என்னோடு ஒரே வகுப்பில், உணவு அறிவியல் படிப்பவள் ரஹீமா. கோட்டக்குப்பத்துக்காரி. வகுப்பில் முதல் மாணவி. இங்கே பரீட்சை எல்லாம் வாயால் சொல்ல வேண்டும், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் பரீட்சைக்கு முந்தைய நாள் என்னை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டு என்னைத் தேற்றியவள் ரஹீமாதான்.

அந்த ரஹீமா திங்கட்கிழமை ஊருக்குப் போகிறாள். அவள் அத்தா, அவள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, ஆனால் எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். அண்ணன் குவைத்தில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. “நீ வந்துடும்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்று அம்மா அழுதிருக்கிறார். இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. இவள் போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறாள். திரும்ப எடுக்கவில்லை.

அதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. குக்கர்தான் காட்டிக்கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய பிரஷர் குக்கரைத் துணியில் சுற்றி என் அறைக்கு எடுத்து வந்தாள்.

“இந்தா, நீயே வெச்சிக்க.”

“எதுக்குடி? வந்து நீ எதுல சோறாக்குவ?”

“பாக்கலாம்.”

நம் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன். காதில் வாங்காமல் என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

ஏழுமலைதான் யோசனை சொன்னான். “நாளைக்கு எங்கயாச்சும் கடலாண்ட போலாம். கோட்டக்குப்பத்துப் பொண்ணு, ஒரு வருசமா கடலப் பாக்காம காஞ்சிபோயிருக்குது.” வெனிஸ் வேண்டாம், அங்கே தலைகள்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. அதே உப்பங்கழியின் தெற்கு முனையில் கியோஜா என்று மீனவர் ஊர் ஒன்று இருக்கிறது, பதுவாவிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம் என்றான். சனிக்கிழமை காலையில் எழுந்து அந்தக் குக்கரிலேயே சோறு வடித்துப் புளிசோறு கிளறினேன். அவள் குக்கரில் அவளுக்கே கட்டிக்கொண்டு போவது எனக்குக் கொஞ்சம் வீம்பாகவும் இருந்தது.

செப்டம்பர் கடைசி. வெயில் உறைக்கவில்லை. ஊரைத் தாண்டியதும் தட்டையான வயல்கள், சோளம் அறுத்த தாள், நடுநடுவே நேர்க்கோடு போட்டது போல் வாய்க்கால். ஏழுமலை ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பெருமூச்சு விட்டான். “பாரேன், கரையில ஒரு குப்ப இல்ல. ஒரு எடத்துல ஒடப்பு இல்ல. எப்படித்தான் வெச்சிருக்கானுங்களோ.” அவன் பொறாமைப்படுவது நியாயம்தான், எனக்கும் அந்த வாய்க்கால்களைப் பார்த்து ஆசையாக இருந்தது.

அப்புறம் மண் போய்த் தண்ணீர் வந்தது. ஒரு பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பு, அதில் நாணல் திட்டுகள், வெள்ளைக் கொக்குகள், கம்பத்தில் கட்டி நீருக்கு மேலே தொங்கவிட்ட பெரிய சதுர வலைகள். மரக்காணத்துக்குப் பக்கம் கழுவெளி ஏரியைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த இடம் புதிதாகத் தெரியாது. அதே உப்பு வாடை.

“விசா எடுத்துக்கினு, ஏரோப்ளேன் ஏறிக்கினு வந்து கழுவெளியப் பாக்கறோம்” என்றான் ஏழுமலை. ரஹீமா சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவும் இல்லை.

இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. நாங்கள் விழுப்புரம் டவுன் பஸ் நினைப்பில், இடம் வந்தால் யாராவது கத்துவார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். யாரும் கத்தவில்லை. கியோஜா என்று பெரிதாக எழுதிய நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே வந்தது, அப்படியே பின்னால் போனது. ஏழுமலை எகிறிக் குதித்துப் பஸ்ஸின் பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டி, “ஹோல்டான்! ஹோல்டான்! ஆள் எறங்கணும்!” என்று கத்தினான்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்த பார்வையில், வண்டிக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்திருப்பார் என்று தோன்றியது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் பொறுமையாக எழுந்து, கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினார். ‘டிங்’ என்றது. அவ்வளவுதான். “நிற்கவேண்டுமென்றால் நீங்கள் சொல்லவேண்டும், மகனே. பஸ்ஸுக்கு மனதைப் படிக்கத் தெரியாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரஹீமாதான் எங்களுக்கு மொழிபெயர்த்தாள். ஒரு வருடம் ஆகியும் நல்ல இத்தாலி அவளுக்குத்தான் புரியும்.

அடுத்த நிறுத்தம் பாலத்துக்கு அப்பால், கடற்கரையில். சரி, இதுவும் நல்லதுதான் என்று இறங்கினோம். நல்ல அகலமான மணல். கோடைக்காலக் குடைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வயதான தம்பதிகள் நாற்காலி போட்டுச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் கடற்கரைக்கு வருவதென்றால் கூட ஒரு பேரப்பிள்ளை வேண்டும், ஒரு சாக்கு வேண்டும். இவர்கள் சும்மா தங்களுக்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ரஹீமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவு நீரில் நின்றாள்.

“அலையே இல்லடி. இது கடலா, கொளமா?”

“கொளமோ கடலோ, எப்ப திரும்ப வருவ, அதச் சொல்லு.”

“பாக்கலாம்னு சொன்னேன்ல.”

“பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அத்தாவ யாரு தூக்கி உக்கார வெப்பாங்க? அம்மாவுக்கு முதுகு புடிச்சிக்கினு கெடக்குது. இது ஜல்தி முடியற வேலயா ஸ்டெல்லா? சும்மா பேஜாரு பண்ணாத” என்றாள். ஏழுமலை மேல்சட்டைப் பையிலிருந்து ஊரிலிருந்து வந்த வறுத்த மல்லாட்டையை எடுத்து இரண்டு பேருக்கும் கொடுத்தான். பேச்சை மாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நீளப் பாலத்தில் நடந்து ஊருக்குள் போனோம். கியோஜா வெனிஸின் தங்கை மாதிரி, ஆனால் வீட்டு வேலை செய்கிற தங்கை. கால்வாய் இருக்கிறது, வளைந்த கல் பாலம் இருக்கிறது. ஆனால் படகில் சுற்றுலாக்காரர்கள் இல்லை, வலையும் பெட்டியும் இருக்கின்றன. மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் அந்தத் துணிகளின் நிறம் விழுந்து ஆடுகிறது. நான் போனில் எத்தனை படம் எடுத்தாலும் அந்த அழகு வரவில்லை.

ஒரு கால்வாய் ஓரத்தில் சின்ன சாப்பாட்டுக் கடை. வெங்காயமும் வினிகரும் மீனும் கலந்த வாசனை தெருவரைக்கும் வந்து எங்களைப் பிடித்து இழுத்தது. உள்ளே போய் நின்றுகொண்டே காப்பி குடித்தோம். கடைக்காரி பெயர் லூச்சியா. ஐம்பது தாண்டியிருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்காக்களுக்கு இருக்கும் அதே குரல், ஒரு வார்த்தை சொன்னால் எதிர்க்கரைக்குக் கேட்கும். என் பெயரைக் கேட்டதும் வழக்கம்போல “ஸ்தெல்லா!” என்று பாடிவிட்டு, இந்தியாவில் எல்லாருக்கும் இத்தாலிப் பெயர்தானா என்று கேட்டாள். ஏழுமலை தன் பெயரைச் சொன்னான். அவள் இரண்டு முறை முயன்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ரஹீமா வாசனையைப் பற்றி விசாரித்தாள். மத்தி மீனைப் பொரித்து, வெங்காயத்தை வினிகரில் வதக்கி அடுக்கடுக்காகப் போட்டு, ஒருநாள் ஊறவைப்பார்களாம். மறுநாள்தான் ருசியாம். “நேத்து வெச்ச மீன் கொழம்பு மாதிரி” என்று எங்களிடம் தமிழில் சொன்னாள். பிறகு தயங்கி, இதில் வைன் ஊற்றுவீர்களா, பாஸ்தாவில் ஊற்றுவீர்களா, நான் சாப்பிட மாட்டேன், அதனால் கேட்கிறேன் என்றாள். மத்தியில் வினிகர்தான், பாஸ்தாவில் ஊற்றுவேன் என்றாள் லூச்சியா. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது லூச்சியா மூன்று விரலைக் காட்டி, “மூணு பேருமா?” என்றாள். மூன்று பேரும் நண்பர்களா என்று கேட்கிறாள் என்று நினைத்து, “சி, சி, மூணு பேரும்” என்றேன், ‘சி’ என்றால் ஆமாம். வாசலில் திரும்பி, நல்ல குரலில், “வாதோ எ தோர்னோ!” என்று சொன்னேன். ஏழுமலையும் பின்பாட்டுப் பாடினான். ரஹீமா அதற்குள் வெளியே கால்வாய் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தாள். “சரி, காத்திருக்கிறேன்” என்றாள் லூச்சியா. நம் ஊரில் கடைக்காரர்கள் “வாங்க, வாங்க” என்பார்களே, அப்படி என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினோம்.

மீன் மார்க்கெட் அந்த ஊரின் உயிர். சிவப்புத் திரைக்குக் கீழே நீள நீளமான மேடைகள், பனிக்கட்டிப் பரப்பில் பளபளவென்று மீன். துடைத்து வைத்ததுபோல் தரை. ஈ கிடையாது. ரஹீமா முகத்தில் ஒரு வாரத்துக்கு அப்புறம் ரத்தம் ஓடியது. நேராக ஒரு மேடைக்குப் போய், ஒரு மீனை எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கோட்டக்குப்பத்தில் செவுளைப் பார்க்காமல் மீன் வாங்குகிறவளை யாரும் மனுஷியாக மதிக்கமாட்டார்கள்.

“ஏய் ஏய் ஏய்! கை! கை!” என்று கடைக்காரன் அலறினான். இங்கே வாங்க வந்தவர்கள் மீனைத் தொடக்கூடாதாம். ரஹீமா மீனைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளுக்கு மனசு கேட்கவில்லை. கையுறை போட்ட விரலால் தானே அந்தச் செவுளைத் திறந்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. ரஹீமா தலையை ஆட்டினாள். பிறகு அவன் அடுத்த மீனையும் காட்டினான், அதற்கடுத்ததையும் காட்டினான். நாங்கள் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் மேடை முழுக்கக் காட்டினான். “அத்தா இருந்திருந்தா இங்கயே பாய போட்டு உக்காந்திருப்பாங்க” என்றாள் ரஹீமா. சொன்னதும் முகம் மறுபடி சுருங்கிவிட்டது.

ஊர்க் கோடியில் ஒரு பாலம், அதன் பக்கத்தில் தூண்மேல் ஒரு சிங்கச் சிலை. வெனிஸ்காரர்கள் அதைப் பூனை என்று கேலி செய்வார்களாம். நான் எத்தனை கோணத்தில் பார்த்தும் பூனையாகத்தான் தெரிந்தது. அதன் நிழலில் படித்துறையில் உட்கார்ந்து புளிசோற்றை ஒரு பிடி பிடித்தோம். மூன்று பேரும் மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கால் நீட்டி அரட்டை அடித்தோம். படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை.

பஸ்ஸுக்கு நேரமானதும் வந்த வழியே திரும்பினோம். கால்வாய் ஓரக் கடை கண்ணில் பட்டது. லூச்சியா வாசலில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் ஒரு ஜன்னல் திறந்தது.

கோபத்தில் பேசும் இத்தாலி எனக்குப் பாதிதான் புரியும். ரஹீமாவுக்கு முழுசும் புரிந்தது. அவள் முகம் போன போக்கிலேயே ஏதோ விபரீதம் என்று தெரிந்தது.

“இன்னாடி சொல்றாங்க?”

“மேச போட்டு வெச்சிருக்காங்களாம் நமக்கு. ஒரு குடும்பம் வந்து கேட்டுச்சாம், குடுக்கலியாம். சமையல்கட்ட மூடாம இவ்ளோ நேரம் காத்துக்கினு இருக்காங்களாம்.” அவள் குரல் இறங்கியது. “எனக்காக வைன் ஊத்தாம தனியா செஞ்சாங்களாம். மொத வாட்டி போட்ட பாஸ்தா கொழஞ்சிபோச்சின்னு கொட்டிட்டு, ரெண்டாவது வாட்டி தண்ணி கொதிக்க வெச்சிருக்காங்க.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னலோர மேசையில் வெள்ளைத் துணி, மூன்று தட்டு, நடுவில் ஒரு மடித்த அட்டை. அதில் கொட்டை எழுத்தில் ‘ஸ்தெல்லா’.

“நாங்க எப்பங்க வரேன்னு சொன்னோம்?” என்று ஏழுமலை தமிழிலேயே கேட்டுவிட்டான். லூச்சியாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. என்னை நோக்கி விரலை நீட்டினாள். “நீ சொன்னாய்! வாசலில் நின்று சொன்னாய்! போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று! ஒரு முறை இல்லை, இரண்டு பேரும் சொன்னீர்கள்!”

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இவர்கள் ஊரில் ‘வாதோ எ தோர்னோ’ விடைபெறும் வார்த்தை இல்லை. இதோ போய்விட்டு இப்போதே திரும்புகிறேன், எனக்காக இரு என்று அர்த்தம். ஒரு வருடமாக நான் அதைச் சொல்லிவிட்டு வந்த கடைகள், நூலகங்கள், பேராசிரியர்கள் எல்லாரும் வரிசையாக என் கண்முன்னே வந்தார்கள். ஐயோ, எத்தனை பேர் எனக்காகக் காத்திருந்தார்களோ!

ஏழுமலை மணியைப் பார்த்தான். “பஸ்ஸு போய்டும். சாரி சொல்லிட்டு ஓடிறலாம்.”

“நீ ஓடு” என்றாள் ரஹீமா. “எனக்காக ஆக்கி வெச்சிருக்காங்க. நான் சாப்ட்டுட்டுத்தான் வருவேன்.”

உட்கார்ந்தோம். தொண்டை வரைக்கும் புளிசோறு. அதன் மேல் மத்தி வந்தது, வெங்காயத்தின் இனிப்பும் வினிகரின் புளிப்புமாக. நடுவில் உலர்திராட்சை கடிபட்டது. மீனில் திராட்சையா என்று நினைத்துக்கொண்டேதான் வாயில் வைத்தேன். வைத்த பிறகு தட்டைத் துடைத்துத் தின்றேன். பிறகு மீன் சாறு ஊற்றிய பாஸ்தா. லூச்சியா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வாயையும் கண்காணித்தாள். ஏழுமலை ரகசியமாகப் பேன்ட் பொத்தானைத் தளர்த்தியதையும் அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவள் கோபம் இறங்கியது.

கோபம் இறங்கியதும் ரஹீமா விளக்கம் சொன்னாள். எங்கள் மொழியில் ‘சாவ்’ என்றால் என்ன என்று சொன்னாள். லூச்சியா மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு, எங்கள் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று மட்டும் சொல்லமாட்டோம், அது அபசகுனம், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வெளிநாடு போனாலும் ‘போய்ட்டு வர்றேன்’தான் என்று சொன்னாள்.

லூச்சியா சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். “எல்லாரும் அதையே சொன்னால், யார் நிஜமாகத் திரும்பி வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று எப்படித் தெரியும்?”

ரஹீமா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். “தெரியாது” என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, ஊரிலிருந்து. தலையணையில் சாய்ந்த அவள் அத்தாவின் முகம் தெரிந்தது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

“இன்னாம்மா, எங்க இருக்க? பின்னாடி இன்னா அது, படகா? தட்டுல இன்னா, மத்தியா?”

“ஆமாத்தா. திராச்ச போட்டு செஞ்சிருக்காங்க.”

“மத்தில திராச்சயா? கெட்டுது போ!” சிரித்தார். சிரித்தது வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தார். “சரி, திங்கக்கெழம வர. திரும்பறது என்னிக்கி? டிக்கெட்டுல இன்னா தேதி போட்டிருக்க?”

ரஹீமா போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“கேக்கறன்ல?”

“திரும்பறதுக்குப் போடலத்தா.”

“ஏன்?”

“உங்கள யாரு பாத்துக்கறது?”

அவர் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. “நான் இன்னா மவுத்தாவா போய்ட்டேன்? இடுப்பு எலும்புதானம்மா ஒடஞ்சிருக்குது! குவைத்துக்கு எத்தினி வாட்டி போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். நீ சின்னக் கொழந்த, கதவப் புடிச்சிக்கினு அழுவ. ஒரு வாட்டியாச்சும் போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்திருக்கனா? ஒரு மாசம் இரு, ரெண்டு மாசம் இரு. கால ஊனி நடந்துருவேன். நீ படிப்ப வுட்டன்னு வெச்சிக்க, நான் எழுந்து நடக்கவே மாட்டேன், சொல்லிட்டேன்.”

“நீங்க சும்மா படுங்க” என்று பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. “வாயால நடந்துருவீங்க. தூக்கி உக்கார வெக்கறது நானு.”

“நீ சும்மா இரு, பேஜாரு பண்ணாத.”

“யாரு பேஜாரு பண்றது?”

அவர்கள் இரண்டு பேரும் சண்டையில் இறங்கிவிட்டார்கள். திரையில் கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன, பிறகு தொடர்பு அறுந்தது. ரஹீமா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

என்ன பேச்சு என்று லூச்சியா கேட்டாள். ரஹீமா எல்லாவற்றையும் சொன்னாள், விழுந்தது, குவைத், ஒருவழி டிக்கெட், எல்லாம். லூச்சியா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “அப்பா சொல்வதும் சரிதான், அம்மா சொல்வதும் சரிதான். பாஸ்தா ஆறுகிறது” என்றாள்.

விடைபெறும் நேரம் வந்தது. நான் உஷாராக “அர்ரிவெதெர்ச்சி” என்றேன், மறுபடி பார்ப்போம் என்று அதற்கு அர்த்தம். ஏழுமலை மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முதலாகத் தெரிந்தே “சாவ்” என்றான். லூச்சியா கைதட்டினாள். ரஹீமா கடைசியாக வந்தாள். லூச்சியா அவள் தோளைப் பிடித்து, “நீ?” என்றாள். “நீ என்ன சொல்லப் போகிறாய்?”

ரஹீமா வாயைத் திறந்தாள். காலையில் என்றால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். இப்போது அதன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேசை போட்டு, வேறு யாருக்கும் கொடுக்காமல், உலையைக் கொதிக்கவைத்து ஒருத்தர் காத்திருப்பார் என்று தெரிந்துவிட்டது.

“கிராத்சியே” என்று நன்றி மட்டும் சொன்னாள். லூச்சியா அவள் கன்னத்தைத் தட்டி, சரி, போ என்று கையசைத்தாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பும் வரை ஏழுமலை சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே விரலை நீட்டிக்கொண்டு நின்றான். ரஹீமா ஜன்னலோரம் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டுவதில் போனது. நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ‘பாக்கலாம்’ என்றுதான் வரும், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். ஏழுமலை விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிடுகிறவன் மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே ஏறி, இடம் பார்த்து வைத்துவிட்டு இறங்கினான். ரஹீமா படியில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“ஸ்டெல்லா.”

“இன்னாடி?”

“அந்தக் குக்கரு உனக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருக்காத. வெயிட்ட எங்கயாச்சும் தொலச்ச, பாத்துக்க.”

“யாருக்குடி வேணும் உன் பீத்தக் குக்கரு” என்றேன். ஏழுமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதவு மூட ஆரம்பித்தது. அவள் குனிந்து, மூடுகிற கதவின் இடைவெளியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்.

“வாதோ எ தோர்னோ.”

தமிழில் சொல்லவில்லை. இத்தாலியில்தான் சொன்னாள்.